ஊருக்கென்று கட்டி வைத்த பெட்டிகள்

ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறேன். பொருளை வைத்திருப்பதற்கு அங்கே சில சொற்கள் உண்டு: ஸ்டாக், சேஃப்டி ஸ்டாக், ரிசர்வ். வெகுநாள் யாரும் கேட்டு வராத சரக்குக்கு நான்-மூவிங் என்று பெயர். சேர்ந்த புதிதில் இவற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது, அம்மாவிடம் இதைவிட அதிகச் சொற்கள் உண்டே என்று தோன்றியது.

அம்மா விருதுநகர் பக்கம். கல்யாணமாகி, அப்பாவின் வேலைக்காக இங்கே வந்தவள். எப்போதாவது வரும் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைப்பாள். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பாவுக்கு மீன் துண்டை ஒதுக்கி வைப்பாள். ராயக்கோட்டையில் தக்காளி விலை விழுந்து வண்டியில் கூவி விற்கும் நாட்களில் ஒரு பெட்டி வாங்கி, பாதியை ஊறுகாய் போட்டு வைப்பாள். மீதியை உப்பில் புரட்டி மாடியில் காயவிடுவாள். எந்த நேரத்தில் தூறும் என்று தெரியாத ஊர் என்பதால் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். பால் கவர், ரப்பர் பேண்டு, நல்ல நூல் எல்லாம் சேர்த்து வைப்பாள். சான்றிதழ்களைப் பத்திரப்படுத்தி வைப்பாள். அப்படி வைத்தவை பிறகு அவளுக்கே கிடைக்காது.

பரணில் கட்டி வைத்தவை தனி ரகம். அவை ஊருக்கு. அங்கே எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் வீடு கட்டிப் போனதும் புழங்குவதற்கென்று அம்மா பாத்திரம் வாங்குவாள். தெற்கிலிருந்து வந்து எங்கள் லைன் வீடுகளில் குடியிருந்தவர்களில் பலருக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. கீழே நசுங்கிய அலுமினியச் சட்டி அடுப்பில் இருக்கும்; மேலே புது எவர்சில்வர் தூங்கும். கட்டுவது அப்பா. கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தவர், ஏற்றுமதிப் பெட்டியைக் கட்டுவது போலவே கட்டுவார். முதலில் மெழுகுத்தாள், உள்ளே ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம், மூலைகளுக்கு மடித்த அட்டை, கடைசியாகப் பழுப்பு டேப். மேலே மார்க்கரில் ‘ஊர்’ என்று எழுதுவார். டேப் சர்ரென்று இழுபடும் சத்தம் இன்றைக்கு வேலையில் நாள் முழுக்கக் கேட்கிறது. சின்ன வயதில் அதைக் கேட்டால், நாளைக்கே ஊருக்குப் போகப் போகிறோம் என்று நினைத்துக்கொள்வேன்.

பக்கத்துப் போர்ஷனில் வீட்டுக்காரம்மா. அவர் வீட்டில் பேசுவது கன்னடம். நாங்கள் ‘எடுத்து வை’ என்பதை அவர் ‘எத்திடு’ என்பார். கடைசிப் போர்ஷனின் தெலுங்குக்காரர்கள் ‘தாச்சிபெட்டு’ என்பார்கள். மூன்றுக்கும் நான் திரும்பிப் பார்ப்பேன்.

வீட்டுக்காரம்மா எங்கள் பரணை அண்ணாந்து பார்த்துச் சிரிப்பார். “என்னாக்கா, எல்லாத்தையும் மேலயே வெக்கிறீங்க? நீங்க எறக்கறதுக்குள்ள சாமானெல்லாம் ரிட்டயர் ஆயிடும்.”

“ஆகட்டும்க்கா. பென்ஷன் வாங்கிக்கிட்டு ஊர்ல உக்காரட்டும்” என்பாள் அம்மா.

“பதுக்கல் கேஸ்னு ஒரு நாள் போலீஸ் வரப்போகுது” என்று உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுப்பார்.

போன வருடம் அப்பாதான் ரிட்டயர் ஆனார். ஊர் நிலத்தில் சின்னதாக ஒரு வீடு போடலாம் என்று கணக்குப் போட்டுவிட்டு அம்மாவிடம் கேட்டார்: “அங்க முதல்ல வாடகைக்கு இருந்துக்கிட்டு வேலையை ஆரம்பிச்சிருவோம். பாப்பா ஹாஸ்டல்ல இருந்துக்கிடும். வண்டி சொல்லிரவா?”

இத்தனை வருடமும் இந்தக் கேள்விக்காகத்தான் அம்மா காத்திருந்தாள். எனக்கும் அவள் கேட்டது அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் இருந்தது. எனக்கு ஹாஸ்டல் சரிதான் என்று நானும் சொன்னேன். அம்மா பரணைப் பார்த்தாள். “முதல்ல எறக்கிப் பாப்போம்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இறக்கினோம். அப்பாவின் கட்டு ஏமாற்றவில்லை. பாத்திரங்களில் ஒரு புள்ளி கறை இல்லை. குக்கரின் ரப்பர் வளையம் மட்டும் கையில் எடுத்ததும் முறுக்கு மாதிரி உடைந்தது. அடுத்த பெட்டியில், அப்பாவைப் பெற்றவர்கள் இருந்த காலத்தில் எல்லோருக்குமாக வாங்கிய குண்டான். அதற்கடுத்து, கிளி பொறித்த ஒரு சின்னத் தட்டும் கைக்குள் அடங்கும் டம்ளரும். எனக்காக வாங்கியவை. நான் அதுவரை பார்த்ததே இல்லை.

அம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதுல சாப்பிட வேண்டியவ சம்பளம் வாங்குறா” என்றாள். சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு குண்டானுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டாள்: “இது நிறையச் சோறு வடிச்சு அங்க யாருக்குங்க போடப் போறேன்?”

அப்பா டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “ஊரு ஊருன்னு சொன்னது நீதானடி.”

“நாந்தான். ஆளுக இருந்த ஊரைச் சொன்னேன்.”

“அப்ப மறுபடி கட்டிரவா?” என்றார் அப்பா.

“வேண்டாங்க. கழுவிக் கவுத்துங்க.”

மாடியில் அப்பா தேய்க்க, நான் அலசிக் கவிழ்த்தேன். நிலத்தை என்ன செய்வது என்று இதுவரை முடிவாகவில்லை. அன்றைக்கு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை. துணி காயப்போட வந்த வீட்டுக்காரம்மா கைப்பிடிச் சுவர் நெடுக மின்னும் பாத்திரங்களைப் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்தார்.

“ஊருக்குக் கெளம்பிட்டீங்களாக்கா?”

“இல்லக்கா” என்றாள் அம்மா, குண்டானின் ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி. “இது பெருசா இருக்கு. மத்தியானம் உங்க வீட்டுல உலை வைக்காதீங்க.”