ஞாயிற்றுக்கிழமை உடைந்த வள்ளம்

எங்கள் வள்ளம் பாறையில் மோதி உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இன்சூரன்ஸ் படிவத்தில் அதைத் திங்கட்கிழமை என்று எழுதியது நான்.

கேரள எல்லையிலுள்ள எங்கள் பொழியூர்க் கரையில் எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. போனால் மாதா கோயில் கமிட்டி அபராதம் போடும். அந்தக் கமிட்டியில் என் கணவரும் ஒருவர். அப்படிப்பட்டவர், நெத்திலி அள்ள அள்ள வருகிறது என்று கேள்விப்பட்டதும் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு விடியுமுன்னே கிளம்பிவிட்டார். அவர் புத்தியை என்னவென்று சொல்ல! வள்ளம் உடைந்து, தமிழ்நாட்டுப் பக்கம் கரையேறி, அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் வந்தார்.

“திங்கள்னு எழுது பிள்ளே. ஒருத்தருக்கும் தெரியாண்டாம்” என்றார்.

எழுதினேன். எழுதியதோடு விட்டேனா? ஆஸ்பத்திரிச் சீட்டையும் கெட்டிக்காரியாட்டம் பின் குத்தி வைத்தேன். அதில் ஞாயிற்றுக்கிழமைத் தேதி இருந்ததைப் பார்க்கவில்லை.

கம்பெனி பார்த்துவிட்டது. தேதி பொய், எங்களுக்குப் பொறுப்பே கிடையாது என்று கடிதம் போட்டது.

பாலிசியில், தகராறு வந்தால் மத்தியஸ்தரிடம் போகலாம் என்று ஒரு விதி உண்டு. கம்பெனி அதற்கும் வர மறுத்தது. அவர்களை வரச் சொல்லி உத்தரவிடக் கேட்டு, எங்கள் வக்கீல் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் மனுப் போட்டார். எனக்கு அந்த மனுவிலேதான் உயிர் இருந்தது. மத்தியஸ்தர் என்றால் ஓர் அறை, ஒரு மேசை, நாலு பேர். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம். வழக்கு என்றால் ஊரே கேட்க, இவர் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். மானஸ்தன். அதன்பிறகு கடலிலேயே போய் விழுந்துவிடுவாரோ என்று சோறு இறங்காமல் கிடந்தேன்.

விசாரணை நாளில் நீதிபதி விதியை இரண்டு முறை படித்தார். எவ்வளவு கொடுப்பது என்பதில் தகராறு இருந்தால்தான் மத்தியஸ்தர்; கம்பெனி பொறுப்பையே மறுத்துவிட்டால் அந்த வழி இல்லை, வழக்குத்தான் போட வேண்டும் என்றார். மனு தள்ளுபடி.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அக்காளிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். அவள் அசையவே இல்லை.

“ஞாயிறு உங்க வள்ளம் கெடக்கிய எடம் சும்மா கெடந்துதே மக்கா. கரை முழுக்க பாத்ததாக்கும்.”

“பின்ன ஏன் ஒருத்தரும் வாயத் தொறக்கல்ல?” என்று எரிந்து விழுந்தேன்.

“அவருக்கு நாணக்கேடு வராண்டாம்னு மிண்டாம இருந்தோம். கம்பெனி ஆளு வந்து கேட்டப்பவும் திங்கள்னுதான் சொன்னோம். கையெழுத்தும் போட்டோம்.”

உள்ளே கேட்டுக்கொண்டிருந்தவர் வாசலுக்கு வந்து அவளைக் கும்பிட்டார். பிறகு என்னிடம், “வழக்கு வேண்டாம் பிள்ளே” என்றார். “நான் ஞாயிறுன்னு சொன்னா, இவங்க எல்லாம் கள்ளசாட்சி ஆயிருவாங்க. வள்ளம் போனது போட்டு, விட்டுரு.”

வாய்தா நாள்களில் கல்லாக இருந்த மனிதர், அப்போதுதான் உடைந்து அழுதார். மறுநாள் இன்னொருவர் வள்ளத்தில் கூலிக்குப் போனார்.