தீவுக் கழுதை

எங்கள் ஊர் இணையக் குழுமத்தில் ‘தீவுக் கழுதை’ என்ற பெயரில் எழுதி வருபவள் நான்தான்.

மன்னாரில் உங்களுக்கு உறவினர் எவரேனும் இருந்தால் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பஸ் நிலையத்துக்கு முன்னால், நடுத்தெருவில் படுத்திருக்கும் ஒரு கழுதையின் படம். அதன் கீழே, மின்சாரக் கார் இந்தத் தீவுக்குச் சரிவராது என்று நாளுக்கொரு வம்பு. அது யார் என்று அறியப் பலர் மண்டையைப் போட்டு உடைத்தார்கள். யாரோ ஒரு வாத்தியார் என்றார்கள். இல்லை, சட்டத்தரணி என்றார்கள். பேசாலையில் ஐஸ் கொம்பனிக் கந்தோரில் வேலை செய்யும் றீற்றா என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கழுதையோடு தினமும் மல்லுக்கட்டிய என் கணவர்கூடச் சொல்லவில்லை.

இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது... நான் எழுதிய ஒன்றை வேறொரு மனிதர் தன் தலையில் சுமந்துகொண்டிருக்கிறார். நானோ மகிழ்ச்சியாக இருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாக நித்திரை கொள்கிறேன். அவர் சுமப்பதால்தான் என்னால் இப்படி இருக்க முடிகிறது.

என் கணவர் நல்லவர். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு நீங்கள் அவரைக் குறைவாக நினைக்கக் கூடாது. கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால்களை மேற்பார்வை செய்யும் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர். குடியில்லை, புகையில்லை. ஒரே குறை, வீட்டுக்குள் அவருக்குக் காது கேளாது. காதில் நோய் வருத்தம் ஒன்றுமில்லை, நான் பேசினால் மட்டும் கேளாது. எதைச் சொன்னாலும் “ஓம் ஓம்” என்பார். இரண்டாவது ‘ஓம்’ வரும்போதே மனம் வேறெங்கோ போயிருக்கும்.

ஓய்வுபெற்ற கையோடு, யப்பானிலிருந்து இறக்கிய பழைய மின்சாரக் கார் ஒன்றை வாங்கினார். என்னைக் கேட்டா வாங்கினார்? வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, “எப்பிடி?” என்றார்.

“இந்த உப்புக் காத்துக்கு உது தாங்குமோ? கரண்ட் நிண்ட நாளில என்ன செய்வியள்?” என்று கேட்டேன்.

“ஓம் ஓம், பாப்பம்,” என்றபடி கண்ணாடியைத் துடைத்தார்.

அன்று எனக்கு வந்த கோபம் காரைப் பற்றியதல்ல. கலியாணம் கட்டிய நாளிலிருந்து சேர்ந்து கிடந்த கோபம் அது. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாடு போய்விட்டார்கள். இனி மீதிக் காலம் முழுவதும் இந்த “ஓம் ஓம்” தானா என்று நினைக்க எனக்கு அழுகை வந்தது.

அவரோ காரைப் புகழ்ந்து ஊர்க் குழுமத்தில் எழுதத் தொடங்கியிருந்தார். நாட்டின் எதிர்காலமே மின்சார வாகனத்தில்தான் ஓடப்போகிறது என்று பத்தி பத்தியாக எழுதினார். நான் கழுதைப் படத்தோடு ஒரு கணக்கைத் திறந்தேன். வாசலில் கேட்ட அதே இரண்டு கேள்விகளையும், ஒரு சொல்லும் மாற்றாமல், அங்கே கேட்டேன்.

அரை மணி நேரம் ஆகவில்லை. நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து நின்றார்.

“றீற்றா, இஞ்ச வா. ஒருத்தன் நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். என்ன மறுமொழி குடுக்கலாம், சொல்லு பாப்பம்.”

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? “அந்த ஒருத்தன் நான்தான்” என்று சொல்லியிருப்பீர்களா? நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் அவர் அருகில் இருந்தேன்.

அப்படித் தொடங்கியது எங்கள் நல்ல காலம். பின்னேரம் ஆனால் முன்விறாந்தையில் இரண்டு கதிரைகளைப் போட்டு உட்கார்ந்துவிடுவோம். கந்தோர் முடிந்து வரும் பஸ்ஸுக்குள் இருந்தபடியே நான் கழுதையாக ஒன்றை எழுதிப் போட்டுவிடுவேன். வீட்டுக்கு வந்து சேர, அவர் துடித்துக்கொண்டு நிற்பார். தீவு முழுக்கக் காற்றாலை சுழல்கிறதே, பிறகேன் கரண்ட் நிற்கிறது? பழுதாய்ப் போன பற்றரியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, கடலிலா? காருக்கு வரியைக் குறைத்தால், வள்ளத்து எஞ்சினுக்கு எண்ணெய் வாங்குகிறவனுக்கு என்ன லாபம்? நானே கேட்டேன், நானே பக்கத்தில் இருந்து மறுமொழியும் சொல்லிக்கொடுத்தேன். சில நாட்களில் என் மறுமொழி அவ்வளவு நன்றாக அமைந்துவிடும். மறுநாள் கழுதைக்குக் கேள்வி கிடைக்காமல் திண்டாடுவேன்.

இணையத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் பற்றி நாடெங்கும் வாதம் நடந்தபோது இன்னும் வேடிக்கை. சட்டம் கூடாது, சனத்துக்கு வாய்ப்பூட்டுப் போடுகிறார்கள் என்று அவர் எழுதினார். அவர் எதைச் சொன்னாலும் எதிர்ப்பதுதானே கழுதையின் தொழில்? போலிக் கணக்கு வைத்திருப்போரைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று, என் போலிக் கணக்கிலிருந்து எழுதினேன். எழுதும்போது வெட்கமாகவே இருக்கவில்லை. பஸ்ஸுக்குள் தனியே சிரித்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் நான் உங்களிடம் வந்திருக்க மாட்டேன்.

நிசாம் நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எருக்கலம்பிட்டிக்காரர், என் கணவரோடு ஒரே வகுப்பில் படித்தவர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்தில் அகதியாக வாழ்ந்தவர். யுத்தம் முடிந்து திரும்பிய அன்று, தன் சொந்த வளவைப் பார்க்கப் போகுமுன் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். இரண்டு பேரும் வாசல் படலையடியில் கட்டிப்பிடித்து அழுததை நான் கண்டேன். இப்போது வாடகைக்கு வான் வண்டி ஓட்டுகிறார். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வரும்போது, எங்கள் விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாரிகாலத்தில் ஒருநாள், முருங்கனில் ஒரு செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, தீவுக்கு வரும் பாலத்து வீதியின் நடுவில் கார் நின்றுவிட்டது. பற்றரியில் சொட்டும் இல்லை. “இன்னும் இருக்கு, போகலாம்” என்று முருங்கனில் சொன்னவர் இவர்தான். கொட்டுகிற மழை, இரண்டு பக்கமும் கடல், வீதியில் ஒரு குருவி இல்லை. போன் எடுத்துக் கூப்பிட்டதும் நிசாம் நானா வானோடு வந்தார். கயிறு கட்டி, மெல்ல மெல்ல எங்கள் வீடுவரை இழுத்து வந்தார்.

“மச்சான், இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. என்ர மானம் போயிடும்,” என்றார் இவர்.

“நான் ஏனடா சொல்லப்போறன்? வீட்டிலயும் மூச்சு விடமாட்டன்,” என்றார் அவர். அவர் சொன்ன சொல் தவறாதவர்.

அடுத்த கிழமை என் கணவர் குழுமத்தில் எழுதினார்: என் கார் ஒருநாளும் என்னை நடுவழியில் விட்டதில்லை. எனக்கு விரல் துடித்தது. கந்தோரில் இருந்தபடியே, யோசிக்காமல், கழுதை மறுமொழி எழுதிவிட்டது: “அப்ப, போன கிழமை மழைக்குள்ள பாலத்தில, வானுக்குப் பின்னால கயித்தில போனது ஆரின்ர கார்?”

அனுப்பிய கணமே அழிக்கப் பார்த்தேன், அதற்குள் ஊரே சிரிக்கத் தொடங்கியிருந்தது.

பிடிபட்டுவிட்டேன் என்று எண்ணிக்கொண்டுதான் அன்று வீட்டுப் படியேறினேன். சிரித்துச் சமாளிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். முகம் கறுத்திருந்தது.

“அது நிசாம்,” என்றார்.

“என்ன சொல்லுறியள்?”

“பாலத்தில நடந்தது ரெண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கும் அவனுக்கும்.”

நானும் அந்தக் காருக்குள்தான் இருந்தேன். அவருக்குப் பக்கத்தில், நனைந்த சேலையோடு... இரண்டு பேர் என்று எண்ணினார் அவர்!

என் குற்றம் பிறந்த இடம் இதுதான். என்னை எண்ணத் தெரியாத மனிதர் தானே கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு வீம்பு. அன்று பேசாமல் இருந்தேன். மறுநாள் சொல்வது முதல்நாளைவிடக் கடினமாக இருந்தது. ஞாயிறு நிசாம் நானா வந்து கூப்பிட்டபோது இவர் கதவைத் திறக்கவில்லை. நான் குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கூப்பிடும் குரல் நின்ற பிறகும் வெட்டிக்கொண்டே இருந்தேன்.

சில கிழமைகள் கழித்து நூலக மண்டபத்தில் ஒரு கூட்டம். இணையத்துக்குச் சட்டம் தேவையா என்று ஊர்ப் பெரியவர்கள் ஒழுங்குசெய்த விவாதம். என் கணவரும் பேச்சாளர். சட்டம் வேண்டாம் என்று பேசுவார் என்றே எல்லாரும் எதிர்பார்த்தார்கள். எழுந்து, சட்டம் வேண்டும் என்றார்.

“எதிரி முகத்தை மூடிக்கொண்டு வந்தால் எனக்குப் பரவாயில்லை,” என்றார். “என்ர வீட்டுக் கதிரையில இருந்து எழும்பிப் போனவன் மூடிக்கொண்டு வந்தால், அவனை என்ன செய்யிறது?”

அவர் எடுத்துச் சொன்ன நியாயங்களில் பாதி, நான் கழுதையாக எழுதியவை. சபை கைதட்டியது.

நிசாம் நானா நடுவரிசையில் இருந்தார். கூட்டம் முடிந்ததும் நேரில் கதைத்துச் சமாதானமாகலாம் என்று வந்திருக்கிறார், பாவம். ஆட்கள் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தார்கள். “நான் இல்லை” என்று எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாலத்தில் நின்றவர்கள் எத்தனை பேர் என்று அவருக்குச் சரியாக எண்ணத் தெரியும். பெண்கள் இருந்த பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெதுவாக எழுந்து வெளியே போனார்.

நான் எழுந்திருக்கலாம் அல்லவா? அன்றுதொட்டு எத்தனை தடவை மனத்துக்குள் எழுந்திருக்கிறேன்... அன்று எழவில்லை.

அந்த வெட்கத்தில் கழுதையை நிறுத்தினேன். வீடு வெறிச்சோடியது. அவர் போனை எடுப்பார், பார்ப்பார், வைப்பார். இரண்டாவது கதிரையில் உலர்ந்த உடுப்புக் குவிந்து கிடந்தது. நான் பேசினால் பழையபடி “ஓம் ஓம்”.

பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். “பொய் சொன்னேன், சுவாமி,” என்றேன். நடந்த அனைத்தையும் அந்த ஒரு சொல்லுக்குள் மடித்து வைத்தேன். விரித்துச் சொன்னால் சுவாமி என்ன சொல்வார் என்று தெரியும்: முதலில் போய் உன் புருசனிடம் சொல், பிறகு வா. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். உங்களால் என்னை எங்கும் அனுப்ப முடியாது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை எருக்கலம்பிட்டிக்குப் போனேன். நிசாம் நானா வளவுக்குள் வானைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“நானா, நான் இண்டைக்கு அவரிட்டச் சொல்லிப்போடுவன்,” என்றேன்.

அவர் தண்ணீரை நிறுத்தினார். “சொல்லுறதும் விடுறதும் உங்கட விருப்பம், தங்கச்சி. என்ர வாயால வராது. புருசன் பெண்சாதிக்கு இடையில நான் வந்து நிண்டனான் எண்டு வேண்டாம்.” வானின் கதவைத் துடைத்தார். “ஊரையே விட்டுட்டு இருந்தனான். இப்பிடியும் இருந்து பாப்பம்.”

நான் போகத் திரும்பியபோது, “ஏன் எழுதுறதை விட்டனீங்கள்?” என்று கேட்டார். “நீங்கள் கேட்டால்தானே அவன் மறுமொழி எழுதுவான். அதை வாசிச்சால், அவன் பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரி எனக்கு. இப்ப அதுவும் இல்லை.”

அவருடைய மனைவி வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தார். சாப்பிட்டேன். தொண்டையில் சிக்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும். சிக்கவில்லை, ருசியாக இருந்தது.

சொல்லிவிடுவேன் என்று புறப்பட்டவள், திரும்பி வரும் பஸ்ஸில் என்ன செய்தேன் தெரியுமா? கழுதையைத் திறந்து, காரைப் பற்றி ஒரு கேள்வியைப் போட்டேன். நிசாம் நானாவே கேட்டாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் மன்னிப்பா தந்தார்? தன் ஏக்கத்தைச் சொன்னார். அதை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

என் கணவர் படலையடியிலேயே நின்றார். “றீற்றா, திரும்பவும் எழுதியிருக்கிறான்,” என்றார். இரண்டாவது கதிரையில் கிடந்த உடுப்புகளை அவரே எடுத்து உள்ளே வைத்திருந்தார். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு பக்கத்துப் பக்கத்தில் இருந்து கதைத்தோம். நான் சொன்ன ஒரு மறுமொழிக்கு வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

எழுதி முடித்துப் போனை மடியில் வைத்தார்.

“எழுதாமல் விட்டவுடன நான் பயந்திட்டன்,” என்றார். “அவனுக்குச் சீனி வருத்தமெல்லே... ஏதும் நடந்திட்டுதோ எண்டு. போய்ப் பாக்கவும் மனம் விடுகுதில்லை, ஆரிட்டையும் கேக்கவும் ஏலாது. இப்பதான் நெஞ்சு ஆறுது. எழுதுறான் எண்டால் நிசாம் சுகமாத்தான் இருக்கிறான்.”

அவர் கண் கலங்கியிருந்தது.

ஒரே ஒரு வசனம் போதும். நான் சொன்னால், செருப்பும் போடாமல் எருக்கலம்பிட்டிக்கு ஓடுவார். அங்கே அந்த மனிதரும் படலையைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார். அதற்குப் பிறகு என்னோடு இப்படி இருந்து கதைப்பாரா? எனக்குத் தெரியாது.

வாயைத் திறந்தேன்.

“தேத்தண்ணி போடட்டோ?” என்று கேட்டேன்.