இரண்டு அம்பும் ஒரே இடத்தில்

எங்கள் வீட்டில் ஒரு வேட்டை வில் இருந்தது என்று சொன்னால் இப்போது ஒருவரும் நம்புவதில்லை. லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவுக் கொட்டிலில், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன சாமான்களோடு அது கிடந்தது. இரண்டு முனையிலும் சின்னச் சக்கரம் பூட்டிய, மான் வேட்டைக்கென்றே செய்த வில். அம்பெய்து ஒரு முயலைப் பிடிக்கக்கூட இந்த நாட்டுச் சட்டம் விடாது. யார் எதற்காக வாங்கினார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அதைக் கண்டெடுத்தவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. யாழ்ப்பாணத்தில் மருத்துவப் படிப்பின் கடைசி வருடத்தில் அவரை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டுபோய்ப் பல மாதம் வைத்திருந்தார்கள். சத்திரசிகிச்சை நிபுணராவதுதான் அவர் ஆசை. எங்களிடம் வந்து சேர்ந்தபோது இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் நிமிராமல் உள்ளங்கையோடு மடங்கியிருந்தன. குளிரால்தான் அப்படி, வெயில் வந்தால் சரியாகிவிடும் என்றார். வெயில் வந்தது. அந்த வருடம் நல்ல வெயிலும்கூட.

குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அவருடைய அகதிக் கேஸ் நித்திரையில் இருந்தது. முடிவு வரும்வரை வேலையும் இல்லை, படிப்பும் இல்லை. அப்பா பெட்ரோல் ஸ்டேஷனுக்கும், அம்மா தையல் பக்டரிக்கும், நான் பள்ளிக்கூடத்துக்கும் போனபின் அவர் வெறும் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வில் கிடைத்ததும் லைப்ரரிக்குப் போய் வில்வித்தைப் புத்தகம் ஒன்று எடுத்துவந்து, பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தார்.

அம்புகளில் இரண்டு வகை இருந்தன. பழகுவதற்கான மொட்டை முனை அம்பு ஒன்று. வேட்டைக்கான, முனையில் சவர அலகுபோல் மூன்று தகடுகள் வைத்த அம்பு மற்றது. வில்லில் சின்னப் பிழை இருந்தாலும் மொட்டை அம்பு பொறுத்துக்கொள்ளும். அலகு அம்பு பொறுக்காது. அந்தத் தகடுகளில் காற்றுப் பிடித்து எங்கேயோ போய்விடும். இரண்டும் ஒரே இடத்தில் போய்க் குத்தினால்தான் வில் சரியாகச் சுருதி சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு வேலை இருக்கும். படச் சட்டம் ஒன்றில் பத்திரிகைத் தாளை ஒட்டிக் கொடுப்பேன். சித்தப்பா அதற்கூடாக எய்வார். அம்பு நேராகப் போனால் தாளில் சுத்தமான ஓட்டை விழும். வால் இழுபட்டுப் போனால் தாள் பக்கவாட்டில் கிழியும். எங்களுக்கு எப்போதும் கிழிந்தது. அம்பு சாய்ந்திருக்கும் சின்னத் தாங்கியை அவர் மயிரிழையளவு தள்ளுவார், மறுபடி எய்வார், மறுபடி கிழியும். மொட்டை அம்பு பழந்துணி அடைத்த அரிசிச் சாக்கின் நடுவில் குத்தி நிற்கும். அலகு அம்பு இடப்பக்கமாக விலகிச் சாக்கின் ஓரத்தை அறுக்கும். ஊர்ச் செய்தியெல்லாம் கிழிந்துபோய், “நான் வாசிக்க முதல் பேப்பரைக் கொண்டுபோட்டாங்கள்” என்று அப்பா புலம்புவார். பொலிஸ் வந்தால் கேஸ் என்னாகும் என்று அம்மா பயந்து சாவார்.

என்னத்தை வேட்டையாடப் போகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

“ஒண்டையும் இல்லைப் பிள்ளை. என்ரை கையிலை ஒரு பிழையும் இல்லை, வில்லிலைதான் பிழை. ரெண்டு அம்பும் ஒரே இடத்திலை போய்க் குத்தட்டும், நான் திரும்பப் படிக்கப் போவன்.”

அது எங்கள் இருவருக்கும் நேர்த்திக்கடன்போல் ஆகிவிட்டது. நான் பிள்ளையாரிடம் சித்தப்பாவுக்காக வேண்டவில்லை, வில்லுக்காக வேண்டினேன். புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. இடது கையால் வில்லை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, உள்ளங்கை சும்மா தாங்கிநிற்க விரல்கள் தளர்ந்து கிடக்க வேண்டும் என்று காட்டும் படம். அந்தப் பக்கத்தை அவர் வேகமாகப் புரட்டிவிடுவார்.

கோடை முடிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு பின்வளவுக்கு வந்தார். அரைக் கண் நித்திரையில் நின்றவர், “இஞ்சை விடு தம்பி, நானும் ஒருக்கால் இழுத்துப் பாப்பம்” என்றார். சித்தப்பா சிரித்துக்கொண்டு கொடுத்தார். நான் புதுத் தாள் ஒட்டினேன். அப்பாவுக்கு வில்லை இறுக்கிப் பிடிக்கவே தெம்பில்லை. அது கையில் சும்மா தொங்கியதுபோல் இருந்தது. முதலில் மொட்டை அம்பு. பிறகு அலகு அம்பு. அலகு அம்பு போய் மற்றதின் தண்டோடு உரசிக்கொண்டு நின்றது. தாளில் கிழிசலே இல்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சட்டத்திலிருந்து தாளை உரித்தெடுத்துக்கொண்டு, படியில் போய் உட்கார்ந்திருந்த சித்தப்பாவிடம் ஓடினேன்.

“சித்தப்பா, வில்லுச் சரியாயிட்டுது!”

அவர் தாளை வாங்கி அந்த ஓட்டைக்குள் சுட்டுவிரலை விட்டுப் பார்த்தார். விளிம்பைத் தடவினார்.

“ஓம் பிள்ளை, வில்லிலை பிழையில்லை” என்றார்.

அப்பா சாக்குக்குப் பக்கத்தில் போய் அப்படியே நின்றார். அம்பைப் பிடுங்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

வில் மறுபடி கொட்டிலுக்குள் போனது, புத்தகம் லைப்ரரிக்குப் போனது. எனக்கோ உலகம் கொள்ளாத சந்தோசம். என் சித்தப்பா டொக்டராகப் போகிறார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்தத் தாளை முன்னறைச் சுவரில், அவர் படுக்கும் சோபாவுக்கு நேர் மேலே, நான்கு மூலையும் டேப் போட்டு ஒட்டினேன். என் பரிசு அது.

அவர் அதைக் கழற்றவில்லை. குளிர் வந்தது. கேஸும் சரிவந்தது. கடிதம் வந்த அன்று அம்மா பால்சோறு காய்ச்சினார். இனிப் படிக்கலாம்தானே என்று நான் கேட்டேன், அம்மா என் கோப்பையில் இன்னொரு கரண்டி பால்சோறு போட்டார். அடுத்த கிழமை அப்பாவின் பெட்ரோல் ஸ்டேஷனிலேயே சித்தப்பாவும் இரவு வேலைக்குச் சேர்ந்தார். பகலெல்லாம் அந்தத் தாளுக்குக் கீழே, சுவரைப் பார்த்தபடி, இடது கையைத் தொடைகளுக்கு நடுவே செருகிக்கொண்டு படுத்துக்கிடந்தார்.

ஒரு நாள் அம்மா வந்து அதைப் பிய்த்தெடுத்துச் சுக்குநூறாகக் கிழித்தார். கிழித்துவிட்டு என்னைப் பார்த்து, “உனக்குக் கண்ணில்லையே?” என்று கத்தினார். நான் அழுதேன். இருந்ததிலேயே நல்ல ஓட்டை அதுதானே, அதைப் போய் ஏன் கிழித்தார் என்று எனக்கு விளங்கவில்லை.