ரப்பர் ஷீட் மேல் உட்கார்ந்த எஞ்சின்

கல்யாணமான பிறகு என் கணவரோடு நான் சேர்ந்து வாழ்ந்ததெல்லாம் இரண்டே இரண்டு லீவுக் காலம்தான். அவர் சவுதியில் ஒரு கராஜில் மெக்கானிக். நான் குன்னத்துகால் பக்கம் மாமனார் மாமியாரோடு, ஒரு தையல் மெஷினும் நானுமாக இருந்தேன். மூன்றாவது லீவுக்கு வந்தவர், இனி திரும்பிப் போக மனசில்லை என்றார். அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. மறைக்க என்ன இருக்கிறது என்றுதான் இன்றைக்கும் கேட்பேன்.

மாமனாருக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்சம் ரப்பர் தோட்டமும் நிறைய பிடிவாதமும் உள்ள மனுஷன். திருவனந்தபுரத்து ஏஜென்ட் புது விசாவோடு மாசக் கடைசி வரை காத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தார். என் கணவரோ சேர்த்து வைத்ததைப் போட்டு ஒரு பழைய காரை வாங்கி முற்றத்தில் நிறுத்தியிருந்தார். டர்போ வைத்த பெரிய டீசல் கார். ஏர்போர்ட்டுக்கும் கல்யாணத்துக்கும் ஓட்டிப் பிழைக்கலாம் என்பது கணக்கு. வண்டி பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருக்கும். ஆனால் முந்தைய ஆள் எஞ்சினை அடித்துத் துவைத்துவிட்டிருந்தார். ஆள் நிறைய ஏறினால் எங்கள் ஊர் மேடுகளில் அது படும் பாட்டைப் பார்த்தால் இறங்கித் தள்ளலாமா என்று தோன்றும்.

"வேற எஞ்சின் வைக்கிறேன். ஜப்பான் வண்டியில உள்ளது, இதவிடப் பெருசு, அதுலயும் டர்போ உண்டு" என்றார் இவர்.

மாமனார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "எலே மக்கா, பேச்செல்லாம் வேண்டாம். அறுப்புப் பண்டிகை அன்னைக்கு வீட்டு ஆளும் சாமானும் எல்லாத்தையும் ஏத்தி இந்த வண்டி கோயில் மேட்ட கேறட்டு. கேறினா நீ இஞ்ச இரு. கேறல்லன்னா விசாவ எடுத்துட்டுப் போ, கேட்டியா."

எங்கள் கிறிஸ்தவ சபைக் கோயிலை வெள்ளைக்காரர் காலத்தில் குன்றின் உச்சியில் கட்டி வைத்திருந்தார்கள். ஜீப் மட்டும் முதல் கியரில் உறுமிக்கொண்டு ஏறும். காரில் வருகிறவர்கள் அடிவாரத்தில் நிறுத்திவிட்டு நடப்பார்கள். விளைச்சலில் ஒரு பங்கைக் காணிக்கை வைக்கும் அறுப்புப் பண்டிகை அன்று வாழைக்குலை, தேங்காய், மரச்சீனிக் கிழங்கு எல்லாவற்றையும் தலையில் சுமந்து ஏறுவார்கள். காணிக்கைச் சாமானை ஏலம் போட்டு முடிவதற்குள் மத்தியானம் தாண்டிவிடும். ஊரே கூடியிருக்கிற நாளாகப் பார்த்துத்தான் மாமனார் பரீட்சை வைத்தார்.

கோயம்புத்தூரிலிருந்து எஞ்சின் கியர்பாக்ஸோடு ஒரு லோடு வண்டியில் வந்து இறங்கியது. முற்றத்தில் மூன்று தென்னந்தடியை நட்டுச் சேர்த்துக் கட்டி, கோயில் மணியைத் தூக்கி மாட்டிய செயின் பிளாக்கை இரவல் வாங்கி மாட்டினோம். பழைய எஞ்சின் வெளியே வந்தது. நான் சும்மா வேடிக்கை பார்க்கவில்லை. எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கார்டான் தண்டை எவ்வளவு வெட்ட வேண்டும் என்று என் தையல் டேப்பால்தான் அளந்தோம். மார்த்தாண்டத்து லேத்துக்காரர், "இது யாரு அளந்தது, பிளவுஸ் தைக்கிறவங்களா?" என்று கேலி பண்ணினாராம். வெட்டிக் கொண்டுவந்து மாட்டியபோது அளவு கச்சிதமாக இருந்தது. நான் ரொம்ப நாள் அதைச் சொல்லிக்கொண்டே திரிந்தேன்.

எல்லாம் பொருந்தியது. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் மட்டும் பொருந்தவில்லை. எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும் ரப்பர் கட்டை அது. பழையது இந்தக் கனத்துக்குத் தாங்காது, புதிய எஞ்சினோடு அது வரவில்லை. திருவனந்தபுரம் போய்த் தேடுகிறேன் என்று இவர் சட்டை போட்டபோது மாமனார் குறுக்கே வந்தார்.

"ரப்பர் தோட்டத்த வீட்டுல வெச்சிட்டு ரப்பர் வாங்க திருவனந்தபுரம் போறியாலே? ஆளுவ சிரிக்கும்."

ரப்பர் விளைகிற ஊர்க்காரர்களுக்கு மட்டும் வரக்கூடிய புத்தி இது. எங்களுக்கு ரப்பர் என்றால் எல்லாம்தான். கதவு இடிக்கிறதா, ஒரு துண்டு வெட்டி வை. கட்டில் ஆடுகிறதா, காலுக்கடியில் மடித்து வை. மாமனார் ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரையிலிருந்து, நன்றாகக் காய்ந்து தேன் நிறத்தில் இருந்த ஷீட்டுகளை எடுத்து வந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஷீட் அடிக்கிற மெஷினிலேயே போட்டு நெருக்கி, கட்டையாக வெட்டினார். கையால் குத்திப் பார்த்து, "இரும்பாக்கும்" என்றார். கல்ஃபில் பத்து விதமான எஞ்சினைப் பிரித்துப் போட்ட என் கணவர், அப்பாவிடம் ஒன்றும் சொல்ல முடியாமல் அதைத் தகட்டுக்கு நடுவே வைத்து போல்ட் முறுக்கினார்.

சொல்லவும் தோன்றியிருக்காது. அன்றைக்கு அது நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் அமரவிளை வரை ஓட்டிப் போய் வந்தோம். டர்போவின் விசில் சத்தம் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. போன லீவிலேயே எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார்; சமதளத்தில் சிறிது தூரம் என்னை ஓட்ட வைத்தார். கால் வைத்ததும் வண்டி என்னை சீட்டோடு சேர்த்துத் தள்ளியது.

அறுப்புப் பண்டிகை வந்தது. ஸ்டியரிங்கில் என் கணவர், பக்கத்தில் மாமனார், பின்னே நானும் மாமியாரும் சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேரும், டிக்கி நிறைய வாழைக்குலையும் தேங்காயும். பாறசாலைப் பக்கம் ஒரு வீட்டில் என் கணவரின் பெரியம்மாவை ஏற்றிக்கொள்ளச் சுற்றிப் போனதில் எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தது. அடிவாரத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். வண்டி சரசரவென்று ஏறியது. பாதி மேடு தாண்டியபோது நான் மனதுக்குள் என் கணவரின் சவுதிப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

அப்போதுதான் முன்னால் படபடவென்று ஒரு சத்தம். எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஃபேன் போய் ரேடியேட்டரில் அடித்து, வெந்நீர் பீறிட்டுப் பாதையெல்லாம் ஓடியது. வண்டி நின்றது. வாழைக்குலையைத் தலையில் வைத்தவர்கள் எங்களைத் தாண்டி நடந்து போனார்கள். அவர்களில் ஒருவர் மலையாளத்தில் பரிதாபப்பட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மாமனார் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினார். "கண்டியாலே? பெரிய எஞ்சினாம். ஏஜென்டுக்கு நாளைக்கே சொல்லிவிடு, வாறேன்னு."

என் கணவர் பானெட்டைத் திறந்து குனிந்தவர் நிமிரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். ரப்பர் கட்டை இருந்த இடத்தில் கொழுக்கட்டை மாவு மாதிரி ஒன்று பிதுங்கி வழிந்துகொண்டிருந்தது. சூட்டிலும், கசிந்த ஆயிலிலும் ஷீட் இளகிவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"மாமா, எஞ்சின் தோக்கல்ல. உங்களுக்க ரப்பராக்கும் தோத்தது!"

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. மாமியார் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். எங்கள் வீட்டில் அவரை எதிர்த்து யாரும் சத்தமாகப் பேசியதில்லை, அதிலும் மருமகள், அதிலும் கோயில் மேட்டில். ஆனாலும் சொன்னதை ஒரு எழுத்துகூடத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று நின்றேன்.

மாமனார் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து அந்த இளகிய ரப்பரை விரலால் தோண்டி எடுத்தார். உருட்டினார். முகர்ந்து பார்த்தார். ரப்பரைக் குறை சொன்னால் பெற்ற பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி அவருக்கு. பிறகு யாரிடமும் என்றில்லாமல் சொன்னார்: "வேவல்ல. வேவாத ரப்பராக்கும் இது."

அன்று வண்டியை ஒரு ஜீப்பில் கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தோம். மறுநாள் காலையில் மாமனார் இளகிப்போன கட்டைகளை இரும்புத் தகட்டோடு ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு, நெய்யாற்றின்கரை பஸ் ஏறினார். அங்கே பழைய லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டி வேகவைக்கிற கடை ஒன்று உண்டு. கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பர்தான் சூட்டிலும் இளகாமல் நிற்கும். கறுப்பு ரப்பரைத் தகட்டுக்கு நடுவே வைத்து, அச்சில் இறுக்கி, ஆவியில் வேகவைத்து வாங்கி வந்தார். பக்கத்திலேயே நின்று வேகவைக்கச் சொன்னாராம். கடைக்காரர் போதும் என்றபோதும் மாமனார் விடவில்லையாம். திண்ணென்று இருந்த கட்டைகளை என் கணவர் கையில் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "பிள்ளே, குடிக்க வெள்ளம் எடு" என்றார். அதற்கு மேல் அதைப்பற்றி ஒரு பேச்சும் இல்லை. ரேடியேட்டரை என் கணவர் ஈயம் வைத்து அடைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காணிக்கைச் சாமான் எதுவும் இல்லை. கனம் குறைந்தால் கேறினதாகக் கணக்கில்லை என்று மாமனார் டிக்கியை ரப்பர் ஷீட்டால் நிறைத்தார். "கெடுத்தது ரப்பர். ரப்பரே சொமக்கட்டு" என்றார். போன வாரம் சுற்றிய அதே வழியில் சுற்றி எஞ்சினைச் சூடேற்றச் சொன்னார். பெரியம்மாவையும் விடாமல் ஏற்றிக்கொண்டோம்.

வண்டி ஏறியது. நடுமேட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். அது நிற்காமல் விசிலடித்துக்கொண்டு மேலே போய், கோயில் வாசல் வாகை மரத்தடியில் நின்றது. எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. மாமனார் ஜன்னல் வழியே சுற்றிலும் பார்த்தார். முதல் மணிகூட அடிக்கவில்லை. வாசலில் இரண்டு பிள்ளைகளும் ஒரு ஆடும்தான் இருந்தன.

"எலே, கீழ விடு. ஆளுவ வரட்டு. பின்ன ஒருக்கா கேறலாம்."

இறங்கினோம். மணி அடித்து, பாதை நிறைய ஆட்கள் வந்ததும் என் கணவர் கதவைத் திறந்து வெளியே நின்றார். "நீ ஓட்டு பிள்ளே. நான் வெளிய நின்னு சத்தத்தக் கேக்கணும்" என்றார். மாமனார் இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் கியரில் போட்டு, கிளச்சை மெதுவாக விட்டேன். பாட்டுப் புஸ்தகத்தோடு ஒதுங்கி நின்ற முகங்கள் எல்லாம் ஜன்னலுக்கு வெளியே கீழே இறங்கிப் போயின. பட்டுச்சேலையில் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

உச்சியில் நிறுத்தியதும் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். மாமனார் இறங்கி, பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "எஞ்சின் என் மவன் வெச்சது. ரப்பர் நான் வேகவெச்சது. ஓட்டினது இவளாக்கும். இனி அவன் எங்கயும் போவாண்டாம்."

அன்று ஆராதனையில் பிரசங்கம் என்னவென்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அவருடைய சவுதிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக் காலி பண்ணினேன். அதில் என் தையல் துணிகளை அடுக்கி வைத்தேன். இன்றும் அவை அதில்தான் இருக்கின்றன.