அக்கா பார்த்த நிலமும் நாங்கள் வாங்கிய தண்ணீரும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டாகிறது. இன்று நினைவு நாளுக்கு வந்து இம்மலர்ப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பாதிப்பேர் அவரை முதுகுக்குப் பின்னால் "பஸ் புரோக்கர்" என்று அழைத்தவர்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அக்கா ஆட்டையாம்பட்டியில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர். லாரி ஓட்டிய அவர் கணவர், எங்கள் மாமா, வடக்கே விபத்தில் இறந்தபின், நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கெழுதச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. எந்தப் பட்டறை எந்தப் பக்கம் இடம் மாறுகிறது, தீவன ஆலைக்கு எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே காதில் விழும். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன் பஸ் ஏறி அந்த இடங்களைப் போய்ப் பார்ப்பார். டீக்கடையில் உட்கார்ந்து, "இங்க வாடகைக்கு ஊடு கேட்டு ஆளுங்க வாராங்களா?" என்று விசாரிப்பார். சித்திரையில் ஒருமுறையும் ஐப்பசியில் ஒருமுறையும் பார்க்காமல் எந்த நிலத்தையும் அவர் தொட்டதில்லை. அப்படி வாங்கிய ஒரே துண்டு நிலத்தில் வரிசையாக ஐந்து லைன் வீடுகள் கட்டினார். ஒன்றும் காலியாகக் கிடந்ததில்லை.

எங்கள் பெரியண்ணனுக்கு இந்தப் பொறுமை கிடையாது. பள்ளிபாளையம் பக்கம் மனை போட்ட ஒருவருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலையில் அவர் இறங்கியிருந்தார். ஏசி வேன், மதியம் பிரியாணி, வாசலில் வளைவு, இரண்டு பக்கமும் கலர் கொடி. அடுத்த ஈரோடு இதுதான் என்று மைக்கில் சொன்னார்கள். பதினான்கு குடும்பங்கள் வாயைப் பிளந்து கேட்டோம். ஆம், நானும் அந்த வேனில் போனவன்தான்.

அக்கா மட்டும் கூட்டத்தை விட்டு விலகி, ஓரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் உள்ளூர் அம்மாவிடம் போனார்.

"ஏனுங்கம்மா, மழைக்காலத்துல இங்க எப்படி?"

"இடுப்பளவு தண்ணி நிக்குமுங்க. ஏரிக்குப் போற தண்ணி இப்படித்தானுங்களே போவோணும்."

அக்கா திரும்பி வந்து அதை எல்லோர் முன்னாலும் சொன்னார். "ஆடு மேய்க்கறவ பேச்சைக் கேட்டுட்டு வந்து பேசறா பாரு," என்றார் பெரியண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் மனைவியின் நகையை விற்று அட்வான்ஸ் கொடுத்தேன்.

மூன்றாவது மழையில் மனைக்கற்கள் மூழ்கின. மனை போட்டவர் போனை எடுக்கவில்லை. எங்களுக்காக மனு எழுதி தாலுகா ஆபீசுக்கு ஓராண்டுக்கு மேல் நடந்தவர் அக்கா. பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோது, அது நீர்வழிப் புறம்போக்கு, யாரும் விற்கவே கூடாத அரசு நிலம் என்பது தெரிந்தது. அதற்கு உறவினர்கள் சொன்ன நன்றி என்ன தெரியுமா? "இவ போய்க் கேக்காம இருந்திருந்தா கவர்மெண்டுக்கே தெரிஞ்சிருக்காது." பத்திரிகை படிக்கிற, பிள்ளைகளைப் பெரிய பள்ளிகளில் சேர்த்திருக்கிற மனிதர்கள் இதைச் சொன்னார்கள்.

எனக்கு வாடகை கொடுக்க வழியில்லாமல் போனபோது, "சாமி, கடைசி ஊட்டைக் காலி பண்ணி வெச்சிருக்கறேன், வந்துரு," என்றார். நான் சிரித்ததைப் பற்றி ஒரு நாளும் அவர் பேசியதில்லை. இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன்.

சிறுநீரகம் பழுதாகி அக்கா ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெரியண்ணன் ஒரே ஒருமுறை வந்தார். கையில் புது மனைகளின் படம்.

"அம்மணி, கண்ணைத் தொறந்து இதை மட்டும் பாரு. பைபாஸ் இப்படித்தான் வருதுங்கறாங்க. பணம் போடலாமா?"

அக்கா வெகுநேரம் பார்த்தார். "இதுல ஏரி எங்கீங்கண்ணா இருக்குது?"

"அதெல்லாம் இதுல போடலை."

"அப்ப எடுத்துட்டுப் போயிருங்க. சாப்பிட்டீங்களா?"

"அங்க போனா அவங்களே பிரியாணி போடுவாங்க," என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். நான்காம் நாள் அக்கா போய்விட்டார்.

அந்த ஆறு மாதமும் முறைவைத்து ஆஸ்பத்திரியில் துணையிருந்தவர்கள் மற்ற நான்கு வீட்டுக் குடித்தனக்காரர்கள். கோழிப்பண்ணையிலும் பட்டறையிலும் வேலை பார்ப்பவர்கள், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார்கள். அவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆட்டோவுக்குக் காசு வாங்க மறுத்த எதிர்வீட்டுத் தம்பிக்கும் நன்றி. காரியத்தன்று பந்தலில் உட்கார்ந்து, இந்த லைன் வீடுகள் இன்று என்ன விலைக்குப் போகும் என்று என்னிடம் விசாரித்த உறவினர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: அக்கா அவற்றைக் குடியிருப்பவர்கள் பெயரிலேயே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். சாப்பாடு தயாராக இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.