ஸ்பீக்கருக்கு வைத்த பொட்டு

மயிலாப்பூரில் ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவரிடம் ஒன்றரை வருடம் டிரைவராக இருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில். எனக்கு அவரைப் பிடிக்காது, அவருக்கு என்னைப் பிடிக்காது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, லாரி கிளீனராகவும் ஓட்டல் சர்வராகவும் ஏழெட்டு ஊர் சுற்றியவனுக்கு அவர் வீட்டு ஷெட்டில் படுக்க இடம் கிடைத்தது. ஷெட் ஒழுகாது. அதற்காக இருந்தேன்.

வண்டி, ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப். கூரை கிடையாது. மழை வந்தால் தார்ப்பாய் இழுத்துக் கட்ட வேண்டும். தினமும் காலையில் அடையாறு கடற்கரைக்குப் போய் நடப்பார். போகும்போதும் வரும்போதும் கேசட்டில் கச்சேரி ஓட வேண்டும். பின்சீட்டுக்கு இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். வலை உடைந்து எப்போதோ போய்விட்டதால் திறந்த முகம்.

நான் சேர்ந்த வருடம் ஐப்பசியில் இரண்டும் கரகரத்தன. முந்தைய வருடம் இருந்த ஜோடியும் இப்படித்தான் போனதாம். அதற்காகவே பழைய டிரைவரைத் துரத்தியிருக்கிறார். பத்து மாதம் அந்தக் கரகரப்பிலேயே கச்சேரி கேட்டார், என்னைத் திட்டிக்கொண்டே. மறு ஆவணியில் ஒருநாள் வண்டியிலிருந்து இறங்கும்போது சொன்னார்:

"நீயே போய்ப் பாத்து வேற வாங்கிண்டு வா. மழைக்கு நிக்கணும். இந்த வருஷமும் போச்சுன்னா நீயும் போயிடு."

பழைய ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தேனாம்பேட்டையில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"இன்னா நைனா வேணும்?"

"மழையில நனைஞ்சாலும் போகாத ஸ்பீக்கர்."

"வண்டிக்குக் கூரை போடறத வுட்டுட்டு ஸ்பீக்கருக்கு ரெயின்கோட்டு கேக்கறியே!"

பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார். ஃபாரின் சரக்கு, மழை ஒன்றும் செய்யாது என்றார். மேசையில் இருந்த டம்ளர் தண்ணீரை அதன் மேல் ஊற்றினேன். ஸ்பீக்கரின் முகமாக இருக்கும் கூம்பு, அந்தக் கோன், வெறும் காகிதம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊறி உப்பியது.

"டேய், இன்னா பண்றே! பூந்தொட்டினு நென்ச்சியா?"

"ஒண்ணும் செய்யாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கல்லாவைத் தாண்டி வந்து என் சட்டையைப் பிடித்தார். நானும் அவர் கையைப் பிடித்தேன். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவரோ என் பையிலிருந்த பழைய ஸ்பீக்கரைப் பிடுங்கி, "உன் யோக்கியதைய பாக்கறேன்" என்று பிளேடால் கோனைக் கிழித்தார். கிழித்ததும் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"மழையில போனதுன்னா ஓரந்தான் மொதல்ல பிய்யும். ஓரம் கிண்ணுனு கீது. நடுவுல காயில்தான் ஒட்டிக்கினு கீது. இன்னா இது மஞ்சளா?" மூக்கருகே கொண்டுபோனார். "சந்தனம்! ஸ்பீக்கருக்குப் பொட்டு வச்சிக்கினு மழைய திட்றியா? நல்லா வருவடா நீ."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆயுத பூஜையன்று எஞ்சினியர் ஸ்டியரிங்குக்கு, விளக்குக்கு, சக்கரத்துக்கு எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வருவார். ஸ்பீக்கரின் நடுவில் நெற்றி போலக் குமிழ் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டால் அவர் கட்டைவிரல் சும்மா இருக்காது. நீர்த்த சந்தனத்தை அழுத்தி வைப்பார். காகிதம் ஊறி, சந்தனம் உள்ளே கம்பிச் சுருளில் இறங்கிக் காய்ந்து, அதை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். சில நாளில் மழை தொடங்கும். பழி மழைக்கும் தார்ப்பாய்க்கும் எனக்கும்.

இனி மழைக்கு மட்டும் பார்த்தால் போதாது. படகில் மாட்டுகிற ஜோடி ஒன்று கடையில் இருந்தது. பிளாஸ்டிக் கோன், ரப்பர் ஓரம், உப்புக்காற்றுக்காகச் சட்டத்தில் கெட்டியான பெயின்ட். பார்க்கச் சட்டி மாதிரி இருந்தது. தண்ணீர் ஊற்றினேன், உருண்டு ஓடியது. சந்தனத்துக்குப் பதிலாகக் கடைக்காரரின் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவில் விரலை விட்டு, குமிழின் மேல் அப்பிக் காயவிட்டேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஈரத்துணியால் துடைத்ததும் சுண்ணாம்பு சுத்தமாக வந்துவிட்டது. பாட்டு போடச் சொன்னேன். பாடியது. சத்தத்தில் இனிமை கொஞ்சம் குறைவு, ஆனாலும் அதையே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து எஞ்சினியரிடம் கிழித்த ஸ்பீக்கரைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் மாட்டியிருக்கலாம்.

"பொட்டு வெச்சா ஸ்பீக்கர் போயிடுமா? நன்னாயிருக்கு! தார்ப்பாயைப் போடாம தூங்கிண்டிருந்துட்டுப் பழியைப் பூஜை மேல போடறியா? நாப்பது வருஷம் எஞ்சினியரா இருந்திருக்கேன்டா."

"அதுல ஒட்டியிருக்கறதைத் தொட்டுப் பாருங்க சார்."

அவர் தொடவில்லை.

ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். மற்ற இடங்களில் சும்மா தொட்டுவிட்டுப் போனார். ஸ்பீக்கருக்கு வந்ததும் நின்று, என் முகத்தைப் பார்த்தபடியே, மூன்று விரலால் வழித்து ஒவ்வொன்றிலும் அப்பினார். வேலையை விட்டுத் துரத்துவதென்றால் அன்றே துரத்தியிருக்கலாம். ஸ்பீக்கர் போய் நான் போக வேண்டும் என்பதே அவர் ஆசை.

அவர் உள்ளே போனதும் துடைத்தேன். மழை பெய்தது. நாலைந்து நாள் பேய்மழை. தார்ப்பாயைக்கூட ஒருநாள் வேண்டுமென்றே கட்டாமல் விட்டேன். மறுநாள் காலை கடற்கரைச் சாலையில் மிருதங்கம் தெளிவாகக் கேட்டது.

 அடையாறு பாலம் தாண்டியதும் எஞ்சினியர் சொன்னார்: "இந்த வருஷம் தார்ப்பாயை ஒழுங்கா மூடறே போலிருக்கு."

"ஆமா சார்," என்றேன்.

அந்த மழையில் ஷெட்டை விட்டால் படுக்க இடமில்லை, தாழ்ந்த தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். கார்த்திகை முடியும்வரை அந்த ஷெட்டில் படுத்திருந்தேன். மார்கழியில் வானம் வெளுத்ததும் போய்விட்டேன். சொல்லிக்கொள்ளவில்லை.