அப்பாவின் கல்லில் ஒரு வரி

கல்லுக்கடைக்காரர் அனுப்பிய படம் வாட்ஸப்பில் வந்தபோது நான் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அப்பாவின் கல்லறைக் கல்லில் எழுத்து எப்படி வரும் என்று கம்ப்யூட்டரில் செய்து காட்டும் மாதிரிப் படம். மேலே சிலுவை. அதன் கீழே "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்ற வரி. அதற்கும் கீழே அப்பாவின் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. அந்த வரியைப் போடும்படி நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை. கிறிஸ்தவர் கல் என்றால் அவராகவே போட்டுவிடுவார் போலிருக்கிறது.

இந்தக் கல் விஷயத்துக்காகவே அண்ணன், நான், கடைக்காரர் மூவரும் ஒரு குழு வைத்திருந்தோம். நான் பதில் போடுவதற்குள் அண்ணன் எழுதிவிட்டான்: "மேல் வரி வேண்டாம். பெயரும் தேதியும் போதும்."

கடைக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. மகளைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் வீட்டுப் படி ஏறுவதற்குள் அந்த வரி இல்லாத இரண்டாவது படம் வந்துவிட்டது. கூடவே எனக்கு மட்டும் தனியாக, தமிழும் கன்னடமும் கலந்து ஒரு குரல் செய்தி. "மேடம், எது ஃபைனல்னு ஹேளி. மிஷின்ல ஏத்திட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரு வரிதான் வித்தியாசம். அந்த ஒரு வரி, என் அப்பா எங்கே இருக்கிறார் என்ற கேள்வி.

அண்ணன் கெட்ட எண்ணத்தில் அப்படி எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு அவன் எங்கள் பழைய சபையை விட்டுவிட்டு சந்தாபுராவில் ஒரு ஜெபக் கூடத்தில் சேர்ந்தான். அங்கே முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தான். குடியை விட்டான். அவனுக்கு விசுவாசம் என்பது பண்டிகைக்குப் பண்டிகை எடுத்து உடுத்தும் வேட்டி இல்லை. மரிப்பதற்கு முன் ஆண்டவரை ஏற்றுக்கொள்ளாதவர்கள் எங்கே போவார்கள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. அப்பாவும் ஏற்றுக்கொள்ளாமல்தான் போனார்.

அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் அம்மாவையும் எங்களையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆலயத்துக்கு வருவார். வாசலில் இறக்கிவிடுவார். உள்ளே வரமாட்டார். எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஆராதனை முடிந்து நாங்கள் வெளியே வரும்போது ஸ்கூட்டர் கிளம்பத் தயாராக நிற்கும். என் கல்யாணத்துக்குக்கூட அவர் வாசல்வரைதான் வந்தார். உள்ளே என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போனது மாமா.

காரணத்தை அம்மா என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள், நான் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது. அண்ணனுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்ததாம். ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்டதாம். ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு முழு அடக்க ஆராதனை கிடையாது என்று அப்போதிருந்த ஆயர் ஒரு சின்ன ஜெபத்தோடு முடித்துவிட்டாராம். அப்படியானால் என் பிள்ளை எங்கே என்று அப்பா கேட்டிருக்கிறார். அது நாம் சொல்லக்கூடியது இல்லை என்று பதில் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு அப்பா ஆலயத்துக்குள் கால் வைக்கவில்லை. சித்தியைக் கேட்டால் வேறு காரணம் சொல்வாள், சபைக் கமிட்டியில் யாரோடோ சண்டை என்பாள். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அண்ணன் அப்பாவின் கட்டில் பக்கத்தில் தரையில் மண்டியிட்டுக் கெஞ்சினான். ஒரு வார்த்தை போதும்ப்பா, நான் சொல்லச் சொல்ல நீங்க திருப்பிச் சொல்லுங்க போதும் என்றான். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள். அவன் கவலைப்படவில்லை. அப்பா அவன் தலையில் கை வைத்து, "அது எனக்கும் அவருக்கும் நடுவுல இருக்கிற விஷயம்பா. நீ போய் டீ குடி" என்றார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்க நானும் பல நாள் முயன்றேன். அவர் என்று ஒருவர் இருப்பதாக அப்பா நம்பியிருக்கிறாரே, அது விசுவாசம் இல்லையா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அது என் கனத்தைத் தாங்கவில்லை. மகனைச் சமாதானப்படுத்த ஒரு தகப்பன் எதையும் சொல்வான்.

நரகமே இல்லை என்று சொல்லிவிட முடிந்தால் எனக்கு எல்லாம் சுலபமாகியிருக்கும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது எலும்பில் இருக்கிறது. அதோடு, அக்கிரமம் செய்தவனும் அதை அனுபவித்தவளும் கடைசியில் ஒன்றுமே நடக்காததுபோல ஒரே பந்தியில் உட்காருவார்கள் என்பதும் எனக்கு நியாயமாகப் படவில்லை. அதனால் கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், இரண்டு நாளில் சொல்கிறேன் என்று மட்டும் எழுதினேன்.

பெரியவர்களைக் கேட்காமல் எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை. எங்கள் ஆயரைப் போய்ப் பார்த்தேன். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவராக இருப்பார். நான் கதை முழுவதையும் சொல்லி முடிக்குமுன்பே அவருக்கு மூன்று தடவை ஃபோன் வந்துவிட்டது. "பொதுவா எல்லாருக்கும் போடுற வரிதானேம்மா. போட்டுக்குங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்.

எனக்கு வேண்டிய பதில்தான் அது. ஆனாலும் வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அவர் சொன்னதையே எனக்குள் திருப்பிக் கேட்டேன். ஒன்றும் ஆகாத வரியா அது? அண்ணன் அந்த வரியைப் போடக்கூடாது என்கிறான், ஏனென்றால் அதை நம்புகிறான். போடலாம் என்ற இவருக்கு அது கிரானைட்டில் வரும் பூ வேலை மாதிரி. போட்டால் நம்பிப் போட வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. அது என் வேலையை இன்னும் கடினமாக்கியது.

சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவளுக்குப் பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும்தான். தமிழ் எழுத்து நான் வீட்டில் சொல்லிக் கொடுப்பது. எங்கே தமிழைக் கண்டாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பருவம். அப்பாவின் மண் மேட்டின் இரு பக்கமும் உள்ள கல்லை எல்லாம் விரல் வைத்துப் படித்துக்கொண்டு போனாள். எல்லாவற்றிலும் அதே வரி. நாங்கள் வளர்ந்த நீலசந்திரா தெருவில் பெண்டாட்டியை அடித்தே தெருவைக் கூட்டிய ஒருவரின் கல்லிலும் அதே வரி. நாலாவது கல்லில் அவள் எழுத்துக்கூட்டுவதை விட்டுவிட்டு, பார்க்காமலே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அப்பாவின் கல்லில் அது இல்லாமல் போனால் அது வெற்றிடமாக இருக்காது என்று எனக்கு அப்போது விளங்கியது. எழுதியதுபோலவே இருக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதைப் படிப்பார்கள். இந்தக் குடும்பம் இவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள். உண்மை இல்லாததை எழுதாமல் விடுகிறோம், அவ்வளவுதான் என்பது அண்ணனின் வாதம். ஆனால் எழுதாமல் விடுவதும் ஒரு தீர்ப்புதான்.

திரும்பும் வழியில் அம்மாவிடம் போய்ப் பேசினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அண்ணன் மனசு நோகாம பண்ணு" என்றாள். என்ன வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் துருவவில்லை. இத்தனை வருடம் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து வாழ்ந்தவள்.

அன்று சாயங்காலம் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. ஈரத்துணி போட்டு மருந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, அந்த வரியைப் போட நான் நினைப்பது தவறு என்று ஆண்டவர் காட்டுகிறாரோ என்று பயந்தேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் பயந்தேன். பிறகு அந்தப் பயத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தேன். ஒரு கல்லில் எழுதும் வரிக்காகப் பச்சைப் பிள்ளையின் உடம்பைச் சுடவைக்கிறவரையா நான் ஞாயிறுதோறும், எங்கள்மேல் இரக்கமாயிரும் என்று கேட்கிறேன்? அவர் அப்படிப்பட்டவர் என்றால் கேட்டே பிரயோஜனமில்லை. அப்படிப்பட்டவர் இல்லை என்றால் நான் எதையும் கேட்கலாம்.

எங்கள் சபைகளில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பது வழக்கமில்லை. மூச்சு இருக்கும்வரை கேட்கலாம், நின்றுவிட்டால் கணக்கு முடிந்தது என்பார்கள். ஆனால் மூச்சு நின்றது அப்பாவுக்கு. எனக்கு நிற்கவில்லையே. கேட்கப்போவது நான். என் வாயை மூடச் சொல்வதற்கு ஒரு நல்ல காரணத்தை எவ்வளவு யோசித்தும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மகளுக்குக் காய்ச்சல் விட்டதும், அம்மாவும் அண்ணனும் இருக்கும் நீலசந்திரா வீட்டுக்குப் போனேன். ஃபோனில் சொல்வது மரியாதை இல்லை. அண்ணன் வேலை முடிந்து அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அம்மா உள்ளே இருந்தாள்.

"முதல் படத்தையே வெட்டச் சொல்லப் போறேன்ணா" என்றேன். "உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்லணும்னு வந்தேன்."

அவன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "பொய்யக் கொண்டுபோய்க் கல்லுல வெட்டப் போறியா?"

"பொய்யான்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. நான் நடந்ததுன்னு எழுதல. இப்படி இருக்கணும்னு ஆண்டவர்கிட்டக் கேக்குறேன். அதைத்தான் வெட்டச் சொல்றேன்."

"செத்தவங்களுக்காகக் கேக்குறது வேதத்துல இல்ல."

"எனக்கு வேதம் உன் அளவுக்குத் தெரியாதுண்ணா. கேக்கத் தெரியும்."

அவன் சேரில் உட்கார்ந்தான். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்து வந்திருந்தேன். அவன் அழுதான். "அப்ப நான் ஆஸ்பத்திரித் தரையில விழுந்து கெடந்தது எதுக்கு? நரகம்னு ஒண்ணு இல்லன்னா நான் எதுக்கு அந்த மனுஷனை அந்தப் பாடு படுத்துனேன், சொல்லு."

அதுவரை நான் அவனை அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. நான் அப்பாவை இழந்தேன். அவன் அப்பாவை இழந்ததோடு, எங்கே இருக்கிறார் என்று தெரிந்தவனாகவும் ஒவ்வொரு நாளும் எழுந்து, பல் தேய்த்து, வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறான்.

"இல்லன்னு நான் சொல்லல" என்றேன். "இருக்கட்டும். ஆனா அவர் அங்கதான்னு எழுதிக் கொடுத்துட்டு நான் வரமாட்டேன். நீயும் அப்படி எழுதிக் கொடுக்காத. அவ்வளவுதான் கேக்குறேன்."

"நான் ஒத்துக்கல பாப்பா."

"தெரியும்."

அம்மா இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு பஸ் ஏறினேன். என் வீடு இருக்கும் ஹெப்பகோடியில் இறங்கும்வரை, அம்மா சொன்னதை மீறிவிட்டேனே, அவன் மனம் நொந்துவிட்டதே என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. இருந்தாலும் பஸ் நிறுத்தத்திலேயே நின்று, முதல் படத்தைக் கடைக்காரருக்குத் திருப்பி அனுப்பி "இதுதான் ஃபைனல்" என்று எழுதினேன்.

கல் பதித்த அன்று அம்மா, என் கணவர், மகள், நான் எல்லாரும் போயிருந்தோம். அண்ணன் வருவானா என்று தெரியவில்லை. வேலையாட்கள் கலவை குழைக்கத் தொடங்கியபோது வந்தான். கல்லைத் தூக்க ஒரு ஆள் குறைந்தது. அவனே ஒரு முனையைப் பிடித்தான். எழுத்து அவன் முகத்துக்கு நேராக இருந்தது. படித்தானா என்று நான் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் எந்த ஜெபமானாலும் அண்ணன்தான் செய்வான். அம்மா அவனைப் பார்த்தாள். அவன் கையில் ஒட்டியிருந்த சிமெண்டைத் தட்டிக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அதனால் நான் செய்தேன். நாலு பேர் முன்னால் வாய்விட்டு ஜெபித்து எனக்குப் பழக்கமில்லை. நல்ல வார்த்தைகள் வரவில்லை. அப்பாவுக்கு இரங்கும், ஞானஸ்நானம் பெறாமல் போன அக்காவுக்கு இரங்கும், இருவரையும் ஓரிடத்தில் வையும் என்று கேட்டேன். இதைக் கேட்கக் கூடாது என்றால் என்னைத் தண்டியும், ஆனாலும் கேட்பேன் என்றும் சொன்னேன். அம்மாவும் என் கணவரும் ஆமென் என்றார்கள். மகள் கொஞ்சம் பிந்திச் சத்தமாகச் சொன்னாள். அண்ணன் கண்ணை மூடியிருந்தான். ஆமென் சொல்லவில்லை.

கூலியாள் கரண்டியைக் கழுவியபடி, ஒரு வாரம் காலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் கலவை வெடித்துவிடும் என்றார். யார் வருவது என்று நான் கணக்குப் போடத் தொடங்கினேன்.

"நீ அங்கேருந்து இந்த டிராஃபிக்ல எப்ப வந்து சேருவ" என்றான் அண்ணன். "போற வழிதானே. நான் ஊத்திக்கிறேன்."

தினமும் வேலைக்குக் கிளம்பும்போது பெரிய பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகிறான் என்று அம்மா ஃபோனில் சொன்னாள். வாரம் முடிந்த பிறகும் அவன் நிறுத்தவில்லையாம். கலவை எப்போதோ இறுகியிருக்கும். நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் என் ஜெபத்துக்கு இன்னும் ஆமென் சொல்லவில்லை. நான் ஜெபிப்பதை நிறுத்தவும் இல்லை.